நாற்காலி விழுந்த பாட்டு

பரணுக்குள் தலையை விட்டுக்கொண்டு மகள் இன்னொரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். கீழே முன்னறையில் அப்பா, வாழ்நாளில் முதன்முறையாகச் சத்தமில்லாமல் படுத்திருந்தார். தூக்கத்தில்கூட இரண்டு விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்த மனிதர். கட்டிலுக்கே இன்று என்னவோ போலிருந்திருக்கும்.

"என்னடி உருட்டுற அங்க? கீழ மனுஷங்க இருக்கோமா இல்லையா?" என்று அம்மாவின் குரல் வந்தது. சாவு வீடானாலும் அம்மா அம்மாதான்.

வண்டி வருவதற்குள் ஓர் இசைத்தட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதைவிடக் கஷ்டம், அதைப் போட அம்மாவிடம் சம்மதம் வாங்குவது. நேற்றுக் காலை அப்பா அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"நான் போனதும் அதப் போட்டு அனுப்பு."

"நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்களேன்ப்பா."

"எனக்குப் பயமா இருக்கு. நீ கேளு. அப்போ நான் இருக்க மாட்டேன், தைரியமாக் கேக்கலாம்."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு மனிதர் நிம்மதியாகப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது அவள்.

அப்பாவுக்குத் தொழில் டிங்கரிங். நசுங்கிய கார்களைத் தட்டித் தட்டி நேராக்குவார். அதற்கு முன்னால், நேராக இருப்பதைத் தட்டி நசுக்குகிறவராக இருந்தார்: 'துரு' என்ற ராக் குழுவில் டிரம்ஸ். நாலு பேர், ஒரே ஓர் ஆல்பம். ஒரு மெத்தைக் கடையின் மாடியில் ஒரே மத்தியானத்தில் பதிவு செய்தது. ஒலிப்பதிவுக்காரர் பாதியில் இறங்கிப்போய்க் காதுக்குப் பஞ்சு கேட்டாராம். கடைக்காரர் தனக்கு வைத்துக்கொண்டது போக மிச்சத்தைக் கொடுத்தாராம். அந்தக் கட்டடத்துப் புறாக்கள் அன்று கிளம்பியவைதான். ஒன்று மட்டும் பிற்பாடு திரும்பி வந்தது. அதற்குக் காது கேட்காது.

ஆல்பம் விற்கவில்லை. வாங்கிய ஒருவர் தன் ரெக்கார்டு பிளேயர் கெட்டுவிட்டதென்று ரிப்பேருக்குக் கொடுத்தார். சில வருஷம் கழித்து, தலைமயிரை முள்ளாக நிறுத்திக்கொண்ட பிள்ளைகள் அதே மாதிரி சத்தத்தை வேண்டுமென்றே போட்டு, அதற்கு 'பங்க்' என்று பெயரும் வைத்தார்கள். அப்புறம்தான் யாரோ 'துரு'வைத் தோண்டியெடுத்து, இதெல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அப்பா அதைப் படித்துவிட்டு, "நாங்க தெரியாமப் பண்ணிட்டோம்னு அவங்ககிட்ட யாரும் சொல்லிடாதீங்க," என்றார்.

கடைசிப் பாட்டின் நடுவே டிரம்ஸ் சட்டென்று நின்றுபோய், பிறகு திரும்ப வருமாம். அந்த இடைவெளியைத்தான் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் அப்பா ஒருதரம் நிலநடுக்கம் என்பார், மறுதரம் பாம்பு என்பார். நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார் என்பது மட்டும் எந்தக் கதையிலும் மாறாது.

மகள் அதைக் கேட்டதே இல்லை. "அது இந்த வீட்டுல ஓடணும்னா ஒண்ணு நான் போகணும், இல்ல நீங்க போகணும்," என்று கல்யாணமான புதிதிலேயே அம்மா சொல்லிவிட்டாள். "சரி, நான் போறேன்," என்றார் அப்பா. சொன்ன சொல் தவறாதவர்.

இத்தனைக்கும் அம்மா அந்த மெத்தைக் கடையில் உறை தைத்துக்கொண்டிருந்தவள். எப்படிப் பழக்கம் என்று யார் கேட்டாலும், "சத்தம் கேட்டுச்சு, போனேன்," என்பதோடு முடித்துக்கொள்வாள்.

பெட்டியின் அடியில் ஆல்பத்தின் அட்டை கிடைத்தது. உள்ளே தட்டு இல்லை.

அவள் வெறும் அட்டையோடு இறங்கி வந்தபோது முன்னறை நிறைந்திருந்தது. 'துரு'வின் பாடகர் 'தொண்டை'யும் கிடார்காரர் 'ஒத்தக்கம்பி'யும் வந்து சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். ஒத்தக்கம்பியின் மடியில் பழைய ரெக்கார்டு பிளேயர்.

"கடைசிப் பாட்டுல நீதான்டா வேற பாட்டு வாசிச்ச," என்றார் தொண்டை.

"நாங்க மூணு பேரும் ஒரே பாட்டுதான். நீதான் வேற எதையோ கத்துன."

நாலாவது ஆள் முன்பே காலமாகிவிட்டார். அவர் வாசித்தது யாருக்கும் கேட்டதில்லை என்பதால் அவர் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

அம்மாவின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வருகிறவர்களை உயர வரிசைப்படி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க ஊக்கு குத்திய ஒரு பெண் உள்ளே வந்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது.

"பட்டன் இல்லையாம்மா? தங்கச்சிகிட்ட குடு, தைச்சுத் தருவா."

"இல்ல சார், இது இப்படித்தான்."

"கேக்கறதுக்கு வெக்கப்படக் கூடாதும்மா."

அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தாள். "அந்தப் பாட்டுல நிறுத்துவாரே, அந்த எடத்தைக் கேட்டுத்தான் சார் நான் டிரம்ஸ் கத்துக்கிட்டேன்."

மகள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அப்பா ஒண்ணு கேட்டாரு."

அம்மா அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"துக்க வீட்டுல அந்தக் கூத்தெல்லாம் வேணாம்," என்றார் மாமா. "நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

அம்மா எழுந்து உள்ளே போனாள். போச்சு என்று மகள் நினைத்தாள். திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் வட்டமாக ஒரு பை இருந்தது. கோடு போட்ட மெத்தைத் துணியில், தட்டுக்கு அளவெடுத்தாற்போல் தைத்த உறை. ஓரத்தில் தையல் விட்டுப்போன இடத்தில் புது நூல் தெரிந்தது.

"எங்கம்மா இருந்துச்சு?"

"மெத்தைக்கு அடியில. என் பக்கம்." தட்டை ஒத்தக்கம்பியிடம் நீட்டினாள். "கடைசிப் பாட்டு மட்டும் போடுங்க."

ஊசி இறங்கியது. ஒரு பாத்திரக் கடை முழுசாக மாடிப்படியில் உருண்டு வருவது போலிருந்தது; உருண்டு வந்த பாத்திரங்கள் சந்தோஷமாக வேறு இருந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமா தன் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தனைக்கும் அடியில் அப்பா, அவள் பார்த்தேயிராத வயதில், காட்டுத்தனமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டுக்குள் ஒரு கதவு கிறீச்சிட்டது. ஓர் இளம்பெண்ணின் குரல், நல்ல கோபத்தில்: "டேய், கதவச் சாத்துங்கடா. கீழ மனுஷங்க இருக்கோமா இல்லையா?"

தொடர்ந்து தடாலென்று ஒரு சத்தம். டிரம்ஸ் நின்றது.

மகள் திரும்பினாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

கிடார் தனியாகத் தடுமாறிக்கொண்டு போனது. எல்லோரும் கட்டிலில் இருந்தவரையே பார்த்தார்கள். ஊக்குப் பெண் முழங்காலில் விரலால் தாளம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருங்க," என்றாள் அம்மா, தலைநிமிராமல். "எந்திரிக்கிறாரு."

டிரம்ஸ் திரும்ப வந்தது. முன்னைவிட வேகமாக, யாரோ பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்த மாதிரி.

எதிர்வீட்டில் ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது. யாரோ என்னவோ கத்தினார்கள். மாமா அவசரமாக எழுந்துபோய் வாசற்கதவில் கை வைத்தார்.

"தெறந்தே இருக்கட்டும்ணே," என்றாள் அம்மா.

மாமா கையை எடுத்தார். கதவு காற்றில் மெல்ல வந்து அவர் தோளில் இடித்தது. அவர் குனிந்து, வாசலில் கிடந்த தன் செருப்பில் ஒன்றை எடுத்து, கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.