கம்பி விழுங்கிய மரங்கள்

சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சீதாதேவியின் வேலி லொறியில் ஏறியது.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே, ஒரு துண்டு நிலம். மரவள்ளியும் நாலு வாழையும் நின்றன. சுற்றிக் கிளிசரியா மரங்கள். அவள் மாமனார் பச்சைக் கம்பாக ஊன்றி முள்கம்பி இழுத்த வேலி அது. ஊன்றியதெல்லாம் வேர்விட்டு, பருத்து, கம்பியை விழுங்கிவிட்டது. அந்தத் தோட்டத்தில் லயத்து ஆட்களிடம் காணிப் பத்திரம் கிடையாது. வேலி போட்டால் அதற்குள் இருப்பது அவரவருக்கு. தோட்டத்தை நடத்தும் தொரை எத்தனை பேர் மாறினாலும் அதில் கை வைத்ததில்லை.

தேயிலைக் கொழுந்தை உலர்த்தும் ஸ்டோரில் எண்ணெய் அடுப்பை நிறுத்தி விறகு அடுப்பு வைத்தபோது கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எண்ணெய் கப்பலில் வர வேண்டும். விறகு நம் மண்ணிலேயே முளைக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். சீதாதேவி கடைசி வரிசையில் நின்று கேட்டாள். அந்த வேலியில் ஆட்டுக்குக் குழை ஒடித்தவளுக்கு அதில் புதுசாக ஒன்றுமில்லை.

மகள் லோஜினி, மருமகன், கைக்குழந்தை, அவள், எல்லாருக்கும் லயத்தில் ஒரே அறைக் காம்பரா. அந்தத் துண்டில் மகளுக்கு ஒரு வீடு எழுப்பிவிட வேண்டும். சுவருக்கு மண் இருந்தது. கூரைக்குத் தகரம் இல்லை.

நிவித்திகலயில் விறகு யாவாரம் செய்யும் றினாஸ் வந்து மரங்களைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, நல்லா முத்தி ஈக்கி. அடியோட தந்தா கூரைக்கு வேண்டிய தகரம் எறக்கித் தாறன்."

"அடியோடயா? வேலி போயிருமே தம்பி."

"வேர் எங்க போகப் போகுது? ரெண்டு மழ பெஞ்சா தானா எழும்பிரும். ஒங்கட மருமகன விட சுறுசுறுப்பு."

லோஜினி சிரித்தாள். மருமகன் முறைத்துக்கொண்டே கத்தியைத் தீட்டப் போனான்.

வருஷப் பிறப்பு கழிந்து வேலை தொடங்கிய கையோடு சின்னத் தொரை வந்தார். கூடவே கங்காணி ஐயாவு. பீலிக்கரைக்கு மேலே வெறுமையாகக் கிடக்கும் நிலமெல்லாம் இனி விறகுத் தோட்டம். சின்னத் தொரையின் சப்பாத்து மரவள்ளிப் பாத்தியில் நின்றது.

"இது எங்க எடம் சார்."

"வேலி எங்க?"

சீதாதேவி அடிக்கட்டைகளைக் காட்டினாள். தளிர்விட மழை வேண்டும். மழை இன்னும் இறங்கவில்லை.

இந்தப் பொம்பளை பொய் சொல்கிறாளா என்று அவர் ஐயாவுவிடம் சிங்களத்தில் கேட்டார். சிங்களம் அவளுக்கும் அவரளவு தெரியும்.

"இல்ல சார்," என்றார் ஐயாவு. "வேலி இருந்திச்சி."

"இருந்திச்சி," என்றார் சின்னத் தொரை. கெட்ட மனுஷரல்ல. மரவள்ளியைப் பிடுங்கிக்கொள்ள ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அவள் பஸ் ஏறி றினாஸைத் தேடிப் போனாள்.

"தகரத்த எடுத்துக்க தம்பி. மரத்தக் குடு."

றினாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அல்லா மேல ஆண, எனக்குத் தெரியாது. வேலிய வெறும் வேலி எண்டுதான் நெனச்சன். மரம் இப்ப ஏது? பாதி எரிஞ்சி. மத்தப் பாதிக்குள்ள கம்பி. அரியிற மெஷின்ட பல்லு ஒடஞ்சிரும் எண்டு ஸ்டோர்ல வேணாமெண்டுட்டாங்க. அங்கேயே ஒதுக்கமா போட்டுட்டு வந்தன்."

வீட்டுக்கு வந்தபோது லோஜினி தகரத்தின் மேல் குழந்தைத் துணி காயப்போட்டிருந்தாள். சீதாதேவி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். மரவள்ளியைப் பிடுங்கினாள். கிழங்கு விரல் பருமன்தான்.

மழை இறங்கியது. மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டு வேலி வேலைக்கு அனுப்பினார்கள். விறகுத் தோட்டத்துக்கு எல்லை வேலி. டிராக்டர் வந்து கம்பங்களைக் கொட்டிவிட்டுப் போனது. ஸ்டோர் பக்கத்தில் நிழலில் கிடந்த கம்பங்கள். வீணாக்குவானேன் என்று தொரை அனுப்பினாராம்.

ஒன்றைத் தூக்கி நிமிர்த்தினாள். துருவேறிய கம்பி பட்டைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மேல்நுனியில் பச்சையாக ஒரு முளை.

ஐயாவு கயிறு பிடித்தார். லயத்துக்கும் மரவள்ளிக் குழிகளுக்கும் நடுவே கயிறு ஓடியது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடு தங்கச்சி. ஈரம் இருக்கையிலயே நட்டுரு. நல்லாப் புடிக்கும்."

அவள் கம்பத்தைக் குழியில் இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் உள்ள நின்னு நடணுமா, வெளிய நின்னா?"