ஒன்பது நாள் இருளன்

பதினோராம் தேதி காலை பத்தரை மணிக்கு இளவழகன் ஓர் இருளனாக இருந்தாக வேண்டும். அதற்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

காகிதத்தில் அவன் ஐந்து வருஷமாக இருளன்தான். பிளஸ் டூ மார்க் காலை வாரிவிட்ட கையோடு, மன்னார்குடியில் உரக்கடையும் ஊருக்கு வெளியே பத்து வேலி நன்செயும் வைத்திருந்த அவன் அப்பா இராஜாங்கம், எங்கேயோ யாரையோ பிடித்து, பத்தே நாளில் ஒரு பழங்குடிச் சான்றிதழோடு வந்து நின்றார்.

"வெறும் காயிதம்தானேடா. சீட்டு கெடைச்சதும் பெட்டியில போட்டுப் பூட்டிடு" என்றார்.

பூட்டிவிட்டான். அதை வைத்தே இளங்கலை முடிந்தது. தஞ்சாவூருக்கு வெளியே இருந்த பல்கலைக்கழகத்தில் முதுகலையும் இரண்டாம் வருஷத்துக்கு வந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதோடு நிற்காமல், பழங்குடி மாணவர் மன்றத்துக்கு அவனையே தலைவனாகவும் ஆக்கிவிட்டார்கள். மன்றத்தில் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைப் பிள்ளைகள் பதினொரு பேர். எல்லாரும் அவனைவிட நன்றாகப் படிப்பவர்கள், ஆடுபவர்கள், பாடுபவர்கள். ஆனால் விழாவுக்கு ஹால் கேட்டுப் பதிவாளர் அறைக்குப் போனால் அவர்களை வாசலிலேயே நிறுத்துவார்கள். இளவழகன் போனால் உள்ளே விடுவார்கள். ஏன் என்று அவனும் யோசித்ததில்லை, அவர்களும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பேராசைதான் மாட்டிவிட்டது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மனுப் போட்டான். சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு வந்து, டெல்டா மாவட்டங்களுக்கெல்லாம் சேர்த்துத் தஞ்சாவூரில் உட்காரப்போகிறதாம். மக்களின் பழக்க வழக்கம் தெரிந்த ஒரு ஆய்வாளர் அம்மாவும் அதில் உண்டாம். குலதெய்வம் எது, கல்யாணம் எப்படி, செத்தால் என்ன செய்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்களாம்.

இளவழகனுக்குத் தெரிந்த இருளர்கள் அறுவடைக்கு முன்னால் அப்பாவின் வயலுக்கு எலி பிடிக்க வருபவர்கள் மட்டும்தான். அவர்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

அப்போதுதான் கலைமகள் ஞாபகம் வந்தது.

*

கலைமகள் முதல் வருஷம். தரங்கம்பாடிக்கு இந்தப் பக்கம், கழிமுகத்தை ஒட்டின ஒரு தெருவிலிருந்து வந்தவள். பல்கலைக்கழகத்திலேயே ஒரே ஒரு நிஜ இருளர் வீட்டுப் பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் இல்லாதவளும் அவள் ஒருத்திதான். மூன்று வருஷமாக மனுப் போட்டு, "இருளர்னா செங்கல்பட்டுப் பக்கம்தானே, இங்க ஏது?" என்று திருப்பி அனுப்பப்பட்டவள். மாத முடிவுக்குள் சான்றிதழ் வராவிட்டால் சீட்டு ரத்து என்று பல்கலைக்கழகம் எழுதியே கொடுத்துவிட்டது. அவளுக்கும் பதினோராம் தேதிதான் விசாரணை.

கேன்டீனுக்குப் பின்னால், புங்கமர நிழலில், விழாவுக்கு மலைப்பிள்ளைகள் ஆட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த அவளிடம் இளவழகன் போனான்.

"கலை, இந்த வருஷம் நம்ம நிகழ்ச்சி ஒண்ணு வைக்கலாம்னு பாக்கறேன்."

"நம்மன்னா?"

"நம்மதான். இருளர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா அண்ணே? நீங்க நம்ம ஆளா? யாருமே சொல்லலையே. எந்தப் பக்கம்?"

இதற்குத்தான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தான். "தாத்தா காலத்துலயே மன்னார்குடிக்கு வந்துட்டோம். வெளிய சொன்னா வாடகைக்கு வீடு குடுக்க மாட்டாங்கன்னு எதையுமே எங்களுக்குச் சொல்லாம வளத்துட்டாங்க. பேரைத் தவிர ஒண்ணும் தெரியாது எனக்கு."

அவள் முகம் இளகிவிட்டது. "எங்க சித்தப்பாவும் அப்படித்தாண்ணே. மெட்ராசுல வேற சாதி பேரு சொல்லிக்கிட்டு இருந்தாரு. சாவும்போது நம்ம பாட்டு ஒண்ணு பாடுங்கன்னு அழுதாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. வெக்கப்பட வச்சுட்டாங்க நம்மள."

அவன் வெட்கப்படுவதாக அவள் நினைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவன் வெட்கப்படவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் சொல்வாள், அவன் நோட்டில் எழுதுவான். மண்சட்டியில் வைக்கோலைப் போட்டு எலி வளைக்குள் புகை ஊதுவது. உள்ளே எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லைப் பானை பானையாக அள்ளி வருவது. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் புடவையைக் கட்டிக் கூடாரம் போடுவது. விடிகாலையில் ஈர மணலில் ஏழு படி கட்டிக் குலதெய்வம் கன்னியம்மாவைக் கூப்பிடுவது. அங்கேயே கல்யாணம் பேசி, அங்கேயே தாலி கட்டுவது.

கொல்லிமலை அன்பரசன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "தலைவரே, பரிட்சைக்குக்கூட நீங்க இவ்வளவு எழுதி நான் பாத்ததில்ல."

"விழாவுக்குடா."

"விழாவுக்கு ஆடணும். எழுதி என்ன பண்ணப் போறீங்க?"

"பாவம், விடுங்கண்ணே" என்றாள் கலைமகள். "அவரு இப்பதான் பொறந்திருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். இளவழகனும் சிரித்துவைத்தான்.

எட்டாம் நாள், ஆட்டம் முடிந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு, அவன் கேட்காமலே அவள் ஒன்று சொன்னாள்.

"எனக்கு இந்தப் பேரு யாரு வச்சது தெரியுமா? அந்த வருசம் மாசி மகத்துக்கு எங்க அம்மா நெறமாசம். கடக்கரையிலேயே நான் பொறந்துட்டேன். பொறந்த மூணாம் நாளு அத்தை மேல கன்னியம்மா எறங்கி, இதுக்குக் கலைமகள்னு பேரு வையி, இது எலி வளைக்குள்ள கை விடக் கூடாது, ஏட்டுல கை வைக்கணும்னு சொல்லிச்சாம். எங்க தெருவுல அதுவரைக்கும் பள்ளிக்கூடம் போனவங்க யாருமில்ல. சாமி சொன்ன ஒரே வார்த்தைக்காக எங்கப்பா என்னைய அனுப்புனாரு. இத யாருகிட்டயும் சொன்னதில்லண்ணே. சிரிப்பாங்கல்ல?"

"இதை நான் எழுதலை" என்று அவன் நோட்டை மூடினான். நிஜமாகவே எழுதவில்லை. ஆனால் காது கேட்டதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

*

பதினோராம் தேதி. உதவித்தொகைக்காகத் தனக்கும் விசாரணை உண்டு என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான். வராந்தா பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள்; முதலில் இளவழகன், அடுத்து கலைமகள்.

"அம்மா வரலியா?" என்று கேட்டான்.

"மூணு தடவ வந்து மூணு நாள் கூலி போச்சு. ஒரு தடவ பாம்பு புடிச்சுக் காட்டச் சொன்னாங்க. எங்கம்மா, நண்டு வேணா புடிக்கிறேன் சார்னுச்சு. இந்தத் தடவ நீ வராதன்னுட்டேன்." சொல்லிவிட்டு அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "தைரியமா சொல்லுங்கண்ணே. நம்மளுது தானே."

உள்ளே நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் அதிகாரி. ஓரத்தில் கண்ணாடி போட்ட ஆய்வாளர் அம்மா. இந்தப் பக்கம் நிற்க ஓர் இடம்.

கேள்விகள் வந்தன. இளவழகன் விளாசித் தள்ளினான். எலி வளை, ஏழு படி, புடவைக் கூடாரம், ஒன்றுவிடாமல் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். ஆய்வாளர் அம்மா மட்டும் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் புத்தகத்துலயே இருக்குப்பா. உங்க வீட்டுல நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லு."

வீட்டில் நடந்தது. உரக்கடை, நன்செய், மோட்டார் கொட்டகை. வேறு என்ன இருக்கிறது சொல்ல? முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. மூன்று ஜோடிக் கண்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் மாமல்லபுரம் கடற்கரையில பொறந்தேன் மேடம். மூணாம் நாளு எங்க அத்தை மேல கன்னியம்மா வந்து, இது எலி வளையில கை விடக் கூடாது, ஏட்டுல கை வைக்கணும்னு..."

ஆய்வாளர் அம்மாவின் பேனா நின்றது. பிறகு வேகமாக எழுத ஆரம்பித்தது. "போதும்பா" என்றார் அதிகாரி. குரலில் ஒரு கனிவு வந்திருந்தது.

வெளியே வந்தான். "எப்படிண்ணே?" என்று கலைமகள் கண்ணாலேயே கேட்டாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வாயில் பித்தளைக் காசைக் கவ்வியிருந்த மாதிரி ஒரு கசப்பு.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொள்ளவில்லை. அவள் குரல் தெளிவாகக் கேட்டது. எலி வளை. புடவைக் கூடாரம். ஏழு படி. அவன் சொன்ன அதே வரிசை. அதே வார்த்தைகள். வேண்டாம் கலை, அதைச் சொல்லாதே. வேறு ஏதாவது சொல்லு. நூறு கதை இருக்குமே உன் தெருவில்.

"நான் மாமல்லபுரம் கடக்கரையில பொறந்தேன் மேடம். மூணாம் நாளு எங்க அத்தை மேல..."

உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "நிறுத்தும்மா" என்றார் அதிகாரி. "இதையேதான் அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு பையன் சொல்லிட்டுப் போறான். எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்ட மனப்பாடம் பண்ணிட்டு வர்றீங்களா? யாரு சொல்லிக் குடுத்தா?"

அதிகாரி கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சொன்னா உனக்கு நல்லது."

"யாரும் சொல்லிக் குடுக்கல சார்."

"போ. தகவல் வரும்."

அவள் வந்து பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அதையும் சொல்லிட்டீங்களாண்ணே."

அவளே மேலும் சொன்னாள்.

"உங்களுக்குன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. பயத்துல வந்திருக்கும். நான் உங்க பேரைச் சொல்லல. சொன்னா உங்களுதையும் ரத்து பண்ணிடுவாங்க." மூக்கை உறிஞ்சினாள். "போவுது விடுங்க. நம்ம ஆளு ஒருத்தருக்காவது கெடைச்சுதே."

இளவழகன் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறான். அப்பாவிடம் செருப்படி வாங்கியிருக்கிறான். அவையெல்லாம் தோலோடு போயின. இது உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது. அவள் திட்டியிருந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பான், சத்தியமாகப் போயிருப்பான்.

எழுந்து கதவைத் தள்ளினான்.

"சார், அந்தப் பொண்ணு சொன்னதுதான் நிஜம். கதை அவளோடது. நான்தான் திருடிட்டேன். நான் இருளர் இல்ல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பின்ன நீ யாரு?"

சொன்னான். சாதியைச் சொன்னான். அப்பா பெயரைச் சொன்னான், கடையைச் சொன்னான், சான்றிதழ் வந்த கதையைச் சொன்னான். போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தான். அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவருகே நின்ற உதவியாளர் பக்கம் திரும்பி, "ஒரு சேர் போடுப்பா" என்றார்.

"பரவால்ல சார், நிக்கிறேன்."

"அட உக்காரு தம்பி. உரக்கடை முதலாளி மகனா நீ? பெரிய குடும்பத்துப் பையன், ஏன் இந்த வேலை? கேஸ் வரும், படிப்பு போவும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எழுதிக் குடு. கையெழுத்துப் போடு."

உட்கார்ந்து எழுதினான். கலைமகள் தன்னிடம் எட்டு நாள் சொன்ன எல்லாமே அவள் வீட்டு வழக்கம் என்றும், அவள் இருளர் என்று தனக்கு உறுதியாகத் தெரியும் என்றும் எழுதினான். அதிகாரி வாங்கிப் படித்தார். ஆய்வாளர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இனிமே என்ன மேடம் வேணும்?" என்று அதிகாரி கலைமகளின் கோப்பை இழுத்து அங்கேயே பரிந்துரை எழுதினார். மூன்று வருஷம் நகராத கோப்பு மூன்று நிமிஷத்தில் மூடிக்கொண்டது. அவளை உள்ளே கூப்பிட்டு, ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்துவிடும் என்றார்கள். கூடவே காரணத்தையும் சொன்னார்கள்.

அவள் வந்தபோது இளவழகன் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"கலை, என்னை..."

"நீங்க நம்ம ஆளு இல்லியா?" என்றாள். 'அண்ணே' போய்விட்டிருந்தது.

"இல்ல."

அவள் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "என்னைய இருளர்னு எழுதிக் குடுத்தீங்களாமே. அதுக்கு ஆதாரம் என்னன்னு உங்களக் கேட்டாங்களா?"

"கேக்கலை."

"எங்கம்மா சொன்னுச்சு. எங்கப்பா சொன்னாரு. தெருவே வந்து சொன்னுச்சு. பத்தல. பொய் சொல்லி மாட்டுன ஆளு ஒரு வார்த்த சொன்னதும் பத்திருச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "உள்ள உங்கள உக்கார வச்சாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றான்.

"எனக்கு சீட்டு வேணும். அதனால வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. அப்பா. "என்னடா, நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுப்பா" என்றான் இளவழகன். படிக்கட்டிலேயே உட்கார்ந்தான்.