பெரியப்பாவின் இஸ்தோப்பில் இறங்கிய பறவை

நிஷாந்தி தகப்பனாரின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காம்பராவிலிருந்து பெரியப்பா சோலைமலையின் அழுகை கிளம்பியது. சுவருக்கு இப்பால் தம்பி இருமிக் கிடந்த இரண்டு மழைக்காலங்களிலும் கேட்காத குரல். ஆகவே முடிச்சை இறுக்கிவிட்டே அவள் எழுந்து போனாள்.

காற்று கொண்டுவந்து போட்ட பறவை ஒன்று அவருடைய வாசல் இஸ்தோப்பில் மார்பு தரையில் படக் கிடந்தது. புறாவைவிடப் பெரியது, பால்வெள்ளை, கண்ணையொட்டிக் கறுப்புக் கோடு, மஞ்சள் அலகு, வாலில் உடம்பைவிட நீண்ட இரண்டு இறகுகள். பொகவந்தலாவைப் பக்கம் எவரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆகவே அது செத்துப்போன தம்பி அழகுமுத்துதான் என்று முடிவாகிவிட்டது. பெரியப்பா அதன்முன் பாலும் சோற்று உருண்டையும் வைத்துக் கைகூப்பி நின்றார். உயிரோடிருந்த தம்பிக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு வாய்க் கஞ்சியும் வந்ததில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மகனில்லாத அழகுமுத்து, தனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவள் நிஷாந்தியே என்று தோட்டத் தலைவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியிருந்தார்.

"பொம்பளப் புள்ள சட்டி தூக்குறது எந்தம்பிக்குப் புடிக்கல. அதான் எங்க வாசல விட்டு அசையாம ஒக்காந்திருக்கான். எம்மகன் பிரதாப்புதான் தூக்கணும்."

கூட்டம் தலையாட்டியது. காலையில் அவளிடம் 'நீயே வைம்மா' என்று ஆடிய அதே தலைகள்.

மாலைதீவு ஹோட்டலில் அறை துடைத்த காலத்தில் நிஷாந்தி இந்தப் பறவைகளைத் தினமும் பார்த்திருந்தாள். உயரத்திலிருந்து கல்லைப்போலக் கடலில் விழுந்து மீன் பிடிக்கும். புதரடியில், வெறுந்தரையில், ஒற்றை முட்டையிடும். கரையில் மட்டும் கால் ஊன்றி நிற்க மாட்டாது.

"அதுக்கு நடக்கத் தெரியாது பெரியப்பா. அதான் அசையல. சோறும் திங்காது, மீனுதான் திங்கும்."

"அப்பன் செத்த வீட்டுல பாடம் நடத்துறியா?"

அவள் குனிந்து பறவையை அள்ளினாள். அலகு விரலைக் கிழித்தது. பக்தர்கள் அனைவரும் மிகுந்த மரியாதையோடு பின்வாங்கி வழிவிட்டார்கள். லயத்து வீட்டு வரிசையின் கோடியில், தேயிலைச் சரிவு செங்குத்தாக இறங்கும் இடத்தில் நின்று, காற்றுக்கு எதிராக அதை வீசினாள்.

செடிகள்மேல் விழப்போன பறவை, சிறகு காற்றைப் பிடித்ததும் நிமிர்ந்து, நீண்ட வாலோடு பள்ளத்தாக்கைக் கடந்து மூடுபனிக்குள் போயிற்று.

"எங்கப்பான்னுதானே சொன்னீங்க? ஒங்க பாலத் தொடல, சோத்தத் தொடல. நான் தூக்கினதும் போயிட்டாரு. சட்டியக் குடுங்க."

பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் தலைகள் இந்தப் பக்கம் ஆடத் தொடங்கிவிட்டன.

சுடுகாட்டுக்குப் போகும் இறக்கத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. பிரதாப் யாரிடமோ குடை வாங்கி விரித்தான். நனைகிற அவளை நிமிர்ந்து பார்க்காமல், சட்டியிலிருந்த நெருப்புக்கு மட்டும் அதைப் பிடித்தபடி கூடவே நடந்தான்.