சித்தப்பாவின் நன்றியுரை

மகள் நிலாணியின் அரங்கேற்றத்தில் நன்றியுரையை இங்கிலீசில்தான் சொல்வேன் என்று மகேஸ்வரன் ஒற்றைக் காலில் நின்றார். மகளின் பள்ளிச் சிநேகிதிகளுக்கும் விளங்கவேண்டுமாம். எழுதியதை மனைவியின் அக்கா மகள் நிரோஷினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். யூனிவர்சிட்டியில் இங்கிலீஷ் படித்தவள் அவள்.

பாதியிலேயே அவள் கண் நின்றுவிட்டது. மகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்த நடன ரீச்சரை 'நொட்டோரியஸ்' என்று எழுதியிருந்தார் மனிதர்.

"உந்தச் சொல்லு சரியோ பிள்ளை? ஃபேமஸுக்கு மேலே ஒரு படி எண்டு நினைச்சன். நியூஸிலயும் சொல்லுறாங்கள்."

நியூஸில் சொல்லத்தான் செய்கிறார்கள், கள்ளனையும் கொலைகாரனையும். ஊரெல்லாம் நாறிய பெயருக்குத்தான் அந்தச் சொல். ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். ஆனால் இதே ரீச்சர், சின்ன வயதில் அவள் அஜின்கோர்ட்டுக்கு ஆடப் பழகப் போனபோது, வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு முன்னால், "உனக்கு ஆடுற கால் இல்லை, வீட்டை போ" என்று அவளைத் துரத்தியது இன்னும் ஆறவில்லை. வலிய வந்த சீதேவியை யாராவது காலால் உதைப்பார்களா?

"திறம், சித்தப்பா. ஒண்டும் மாத்தவேண்டாம்," என்றாள்.

மண்டபம் நிறைந்த சனம். மகேஸ்வரன் ரீச்சரைக் கும்பிட்டுக்கொண்டே அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னார். பின்வரிசைப் பொடியள் கொல்லென்று சிரித்தார்கள். சனம் ரசிக்கிறது என்று நினைத்து இன்னொரு தரமும் சொன்னார், பாவி மனுசன். ரீச்சரின் முகம் கறுத்தது. நிலாணி குருதட்சணைத் தட்டத்தைக் கொடுத்துவிட்டுக் காலைத் தொடக் குனிந்தாள். ரீச்சர் காலை இழுத்துக்கொண்டார். சலங்கை கட்டிய பிள்ளை வெறும் தரையைத் தொட்டுக் கும்பிட்டது.

நிரோஷினிக்கு அது இனித்தது.

சாப்பாட்டு மேசையில் யாரோ மகேஸ்வரனுக்கு அந்தச் சொல்லின் பொருளை விளங்கப்படுத்தினார்கள். அவர் மனைவி பாலேஸ்வரி பொங்கி எழுந்தாள். "உதை ஆர் பாத்துத் தந்தது? நிரோஷினியெல்லோ?"

எல்லோருடைய கண்ணும் நிரோஷினிமேல் திரும்பியது. அவள் அப்போதுதான் ஒரு வடையை வாயில் வைத்திருந்தாள்.

மகேஸ்வரன் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. கலியாணம் பேசுகிற பெட்டையின் பெயர் கெடக்கூடாதென்று நினைத்தாரோ என்னவோ.

"அவளைப் பேசாதை. அவள் திருத்தித்தான் தந்தவள். நான்தான் மறந்துபோய்ப் பழையதை வாசிச்சிட்டன்."

மேடை ஓரத்தில் நிலாணி சலங்கையை அவிழ்க்காமலே அழுதுகொண்டிருந்தாள். இப்போதாவது உண்மையைச் சொல்லலாம். நிரோஷினி வடையை மென்று விழுங்கினாள்.

"ஓம் சித்தி, நான் அப்பவே சொன்னனான்," என்றாள். "சித்தப்பாதான் கேக்கேல்லை."