பர்மாக்காரியின் பாத்தி

"இனிமே செவ்வாக்கெழமைத் தண்ணி ராமக்காளுக்கு" என்று மாயக்காள் சொன்னதும், கமலை இறைத்துக்கொண்டிருந்த சோணை மாடுகளை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"யாருக்கு? அந்தப் பர்மாக்காரிக்கா? மதினி, இது அண்ணன் வெட்டுன கெணறு."

"அவரு வெட்டுனாரு, நான் மண்ணு சொமந்தேன். வாரத்துல ரெண்டு நா என் முறை. அதுல ஒண்ணத்தான் குடுக்குறேன். ஒன் நாள்ல கை வைக்கல."

சோணை அவளுடைய கொழுந்தன். கணவன் செத்த மூன்று வருஷமாக, சமயநல்லூருக்கு மேற்கே இருந்த மாயக்காளின் பங்கு நிலத்தில் பாதிதான் விளைந்தது. மீதி கோரை மண்டிக் கிடந்தது. தனி மனுஷியால் அவ்வளவுதான் முடிந்தது. என்றைக்கிருந்தாலும் அது தன் கைக்கு வரும் என்று சோணை காத்திருந்தான். அதற்குள் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். ஆனி மாசத்தில் ராமக்காளும் அவள் புருஷன் பேச்சிமுத்துவும் அங்கிருந்து தப்பி வந்து சேர்ந்தார்கள். பேச்சிமுத்துவின் அப்பன் பிறந்த ஊர் என்பதைத் தவிர அவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் காடும் மலையுமாக நடந்ததில் அவனுடைய இடது பாதம் புரையோடியிருந்தது. ராமக்காள் பிறந்ததே பர்மாவில்தான். ஆற்றோரத்தில் காய்கறி போட்டு டவுனுக்குக் கொடுத்துப் பழகியவள். மாயக்காளின் மாட்டுக்கொட்டகையில் ஒண்டிய எட்டாம் நாள் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் கோரைக் காட்ட எனக்கு விடுங்க. வெளஞ்சா பாதி ஒங்களுக்கு. வெளையலேன்னா கோரை பறிச்ச கூலிகூட வேணாம்."

யாரும் மாயக்காளிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் நிலத்தை எழுதிக்கொடு என்றுதான் கேட்டார்கள். கோரைக் காட்டோடு செவ்வாய்க்கிழமைத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

பேச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்தான். மண்ணை மேடாக அணைத்துப் பாத்தி கட்ட வேண்டும் என்றாள் ராமக்காள். மாயக்காள் விடவில்லை. "இந்த மண்ண எனக்குத் தெரியாதா? தட்டையாவே கட்டு." ஐப்பசி மழை மூன்று நாள் நின்று பெய்தது. முளைத்திருந்த கீரையும் முள்ளங்கியும் தண்ணீருக்குள் அழுகின. வரப்பில் நின்று அதைப் பார்த்தபோது மாயக்காளுக்கு ராமக்காளின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நான் அப்பவே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவளோ சேற்றில் இறங்கி வடிகால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மாயக்காளும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். "மேடாவே கட்டுவோம். எம்புட்டு ஒசரம்னு காட்டு."

மார்கழியில் விளைந்தது. முதல் கூடையோடு மதுரைச் சந்தைக்குப் போன ராமக்காள் சாயங்காலம் அதே கூடையோடு திரும்பினாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம், யாரைக் கேட்டு உட்கார்ந்தாய் என்று எழுப்பிவிட்டிருந்தார்கள். ஒருத்தி கூடையைக் காலால் தள்ளியிருக்கிறாள். வாடின கீரையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, "நாளைக்கும் போறேன்" என்றாள் ராமக்காள்.

"நானும் வாரேன். சந்தை வேணாம். வீட்டு வாசலுக்கே போவோம்."

சோணை கேள்விப்பட்டு ஓடிவந்தான். "நம்ம வீட்டுப் பொம்பள தெருத்தெருவாக் கீரை விக்கிறதா? ஊரு சிரிக்கும், மதினி."

"மழைத் தண்ணியில நின்னு பாத்தி கட்டுனப்ப எந்த ஊரும் வரல. சிரிக்க மட்டும் வருதா? வரட்டும்."

கோழி கூப்பிடக் கிளம்பி, வெயில் ஏறுமுன் மாசி வீதிக்குள் நுழைந்துவிட்டார்கள். ராமக்காள் கூவினாள். அவள் பேச்சில் இருந்த அந்நிய இழுப்பைக் கேட்டு வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் குரல் தாழ்ந்தது. மாயக்காள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வயலில் ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள், மாட்டை அதட்டியிருக்கிறாள். பொருளை வாங்கச் சொல்லி ஊரைக் கூப்பிட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கீரை... பிஞ்சு முள்ளங்கீ..."

மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. மடிசார் கட்டிய ஒரு அம்மாள் படியிறங்கி வந்து முள்ளங்கியை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "ஜானு, முறத்தை எடுத்துண்டு வா" என்றாள். பிறகு, "நாளைக்கும் வருவேளா, இல்லே இன்னிக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள்.

ராமக்காள் மாயக்காளைப் பார்த்தாள்.

"தெனமும் வாரோம்மா" என்றாள் மாயக்காள்.

கூடையைத் தூக்கிவிட ராமக்காள் குனிவதற்குள், எதிர்ச்சாரியில் இன்னொரு கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மாயக்காள் ஈரக் கீரைக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்தாள். அவள் நடந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.