பெட்ரீசியா பேரில் ஒரு கட்டில்

“அண்ணே, என் பேர்ல ஒரு கட்டில் இருக்காம்.”

ஞாயிறு பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஈப்போ புந்தோங்கில் சில்வெஸ்டரின் வீட்டில் அன்று ஆட்டுக்கறி. மகள் மெலிண்டாவுக்குச் சம்பந்தம் கூடி வந்திருந்ததால் காலையிலிருந்து கல்யாணப் பேச்சுதான். தங்கை பெட்ரீசியா சொன்னது காதில் விழாதது மாதிரி அவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“என்னா கட்டில்?” என்று அண்ணிதான் கேட்டாள்.

“என் கல்யாணத்துக்குக் குடுத்தீங்களே, அதுதான். அலமாரி, கண்ணாடி மேசை எல்லாம் சேர்த்து. இன்னும் கடன் அடையலையாம். பேங்க்ல சொன்னாங்க.”

நாளைக்கு எனக்குக் காலை வேலை என்று சொல்கிற குரலில்தான் அதையும் சொன்னாள். ஈப்போவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. பல வருஷங்களாக வாடகை அறையில் இருந்தவளுக்கு இந்த வருஷம்தான் கோப்பெங் பக்கம் மலிவு விலை வீடு ஒன்று ஒதுக்கீடானது. அதற்குக் கடன் கேட்டு பேங்குக்குப் போனபோது, அங்கிருந்த மலாய்க்காரப் பெண் கணினித் திரையை இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“அக்கா, இது பழைய கணக்கு. தவணை கட்டாம விட்டிருக்கு. ஞாபகம் இல்லையா?” என்று மலாயில் கேட்டாள்.

“இல்லை.”

பொய் சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவள் மனதில் எங்குமே இருக்கவில்லை. கணக்கு தொடங்கிய தேதியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அது அவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

அப்போது சில்வெஸ்டரின் பேரில் ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் கடன் இருந்தது. கட்டில், அலமாரி விற்கும் தளவாடக் கடையில் அவர் சொன்னார்: “ஒன் சம்பளச் சீட்டு போதும்மா. சும்மா ஒரு சைன்தானே. மாசாமாசம் நான் கட்டிடுறேன்.” கல்யாணப் பெண் எதைப் படித்துப் பார்ப்பாள்? ரவிக்கை தைத்து வருமா வராதா என்ற கவலையில் இருந்தவள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். தன்னைக் கட்டிக்கொடுக்கும் விலைக்குத் தானே கடன்பட்டிருக்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

தைப்பிங்கில் புருஷன் ஐவனோடு இரண்டு வருஷம் வாழ்ந்தாள். அவன் அடித்ததில்லை. பேச்சை நிறுத்தினான், பிறகு வேறொருத்தி வந்தாள். ஒரு நாள் மாமியாரே இவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். “பொறுமையா இரும்மா” என்றார் பங்குச் சாமியார். பொறுமையாகத்தான் இருக்கிறாள். விதவையும் இல்லை, வாழ்கிறவளும் இல்லை.

சில்வெஸ்டர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கட்டினேன்லா. நீ திரும்பி வந்த பொறவுதான் நிறுத்தினேன். வாழாத வீட்டுக் கட்டிலுக்கு எதுக்குக் காசு கட்டணும்?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“அப்ப நீ இருந்த நெலமையில இதை வேற சொல்லணுமா?”

அதை அவர் அன்பாகத்தான் நினைத்திருந்தார். கடைக்காரன் அனுப்பிய கடிதங்களெல்லாம் அவர்கள் முன்பு குடியிருந்த எஸ்டேட் லயத்து முகவரிக்குப் போயின. எஸ்டேட் விற்றுப்போய், லயத்தை இடித்து, சனங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டிருந்தார்கள். கடன் மட்டும் கடையிலிருந்து ஒரு வசூல் கம்பெனிக்குக் கைமாறி, வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது.

“போய் ஐவன்கிட்ட கேளு. சாமான் அவன் வீட்லதானே கெடக்கு” என்றார்.

பெட்ரீசியா போனாள். தைப்பிங்கில் வழக்கம்போல மழை. கதவைத் திறந்த மாமியார், பழக்கத்தில் “வாம்மா” என்றுவிட்டு, பிறகுதான் யாரென்று பார்த்தாள். ஐவன் வேலைக்குப் போயிருந்தான். நடுக்கூடத்திலிருந்தே படுக்கையறை தெரிந்தது. அங்கே தரையில் மெத்தை விரித்திருந்தது.

“அந்தக் கட்டிலா? அதை நம்ம ஆட்ரி கல்யாணத்துக்குக் குடுத்தாச்சே.” ஆட்ரி ஐவனின் தங்கை. “மாப்ள வீட்ல கட்டில் அலமாரி எதிர்பார்த்தாங்க. ஒன்னோடது புதுசு மாதிரியே இருந்துச்சு. மெத்தைக்குப் போட்ட பிளாஸ்டிக்கைக்கூட நான் பிரிக்க விடல, ஞாபகம் இருக்கா? எங்க பொண்ணையும் வெறுங்கையோட அனுப்ப முடியாதுல்ல?”

அந்த முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. ஊரே செய்வதைச் செய்தவளுக்கு வெட்கம் எங்கிருந்து வரும்?

“ஆட்ரி நல்லா இருக்காளா?” என்று கேட்டாள் பெட்ரீசியா.

“அவளுக்கென்னா! சாமான் செட்டோட வந்த மருமகள்னு மாமியாக்காரி ரொம்ப மரியாதையா வெச்சிருக்கா.”

கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பெட்ரீசியா எழுந்தாள். பஸ்ஸில் அழுகை வரும் என்று ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வரவில்லை. பசிதான் எடுத்தது.

பேரம் பேசியதில் வசூல் கம்பெனிக்காரர்கள் வட்டியில் பாதியைக் குறைத்தார்கள். வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அவள் கட்டி முடித்தாள். கடன் தீர்ந்தது பேங்க் பதிவில் ஏற நாளாகும் என்றார்கள். அதற்குள் வீட்டுக்கான கெடு முடிந்து, வரிசையில் அடுத்து இருந்தவருக்கு அது போய்விட்டது. “அடுத்த தடவை முயற்சி பண்ணுங்க” என்று தொலைபேசியில் சொன்ன ஆளுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, அவள் ஒரு நோயாளிக்குப் போர்வையை இழுத்துவிடப் போனாள்.

மெலிண்டாவின் மாப்பிள்ளை வீட்டார் பேச வந்த அன்று, பலகாரம் எடுத்து வைக்க அண்ணி பெட்ரீசியாவைக் கூப்பிட்டிருந்தாள். தட்டோடு கூடத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள். மேசையில் தளவாடக் கடையின் தவணைப் படிவம். மாப்பிள்ளையின் தாய் கடைப் படப்புத்தகத்தைப் புரட்டி ஒரு தேக்குக் கட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தாள். “நாங்க ஒண்ணும் கேக்கல. நாலு பேர் பார்த்தா நல்லாயிருக்கணும், அதான்.” மெலிண்டா கையில் பேனா இருந்தது. அவள் பாலர் பள்ளி ஆசிரியையாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“என் பேர்ல எடுக்க முடியாதுலா, நெறைஞ்சு போச்சு” என்று சில்வெஸ்டர் தங்கையிடம் மெதுவாகச் சொன்னார். “பிள்ளை பேரு சுத்தமா இருக்கு. சும்மா ஒரு சைன்தானே. நான் கட்டிடுறேன்.”

பெட்ரீசியா தட்டை மேசையில் வைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள்.

“மெலிண்டா, எனக்கும் இதேதான் சொன்னாரு. என் கட்டில் இப்ப யார் வீட்லயோ இருக்கு. கடனை நான் போன மாசம்தான் கட்டி முடிச்சேன். வாங்கப்போன வீடு போச்சு.”

“நல்ல காரியத்துல என்னா பேச்சு இது!” என்று சில்வெஸ்டர் பதறினார்.

பெட்ரீசியா மாப்பிள்ளையின் தாய் பக்கம் திரும்பினாள். “அக்கா, கட்டில் ஒங்க வீட்டுக்குத்தான் வரப்போவுது. ஒங்க மகன் பேர்ல எழுதிடலாமே? ரெண்டு பேருமா சம்பாதிச்சுக் கட்டட்டும்.”

அந்த அம்மாளின் முகம் உண்மையாகவே வாடியது. பேச்சில் தாய்ப்பாசம் பொங்கியது.

“ஐயோ, அது எப்படிம்மா? அவன் வேலைக்குப் போய்வர காடி எடுக்கணும், நாளைக்கு வீடு எடுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளை தலையில கடனை ஏத்துனா அவன் வாழ்க்கை என்னா ஆவுறது?”

அந்த அம்மாளுக்குத் தான் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. சில்வெஸ்டர்கூட அவரையறியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மெலிண்டா பேனாவை மூடி, படிவத்தை மாப்பிள்ளையின் தாய் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“எனக்கும் அதேதான் ஆன்ட்டி” என்றாள்.