பள்ளங்கள் குடிவந்த வீடு

அந்த நகரத்துச் சாலைகளில் இருந்த பள்ளங்களெல்லாம் ஒரே ஆண்டுக்குள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தெருவின் கடைசி வீட்டுக்குள் குடிவந்து சேர்ந்தன. சும்மா வரவில்லை, தேங்கிய மழைநீரோடும், அதில் மிதந்த பிஸ்கட் உறையோடும், ஓரத்தில் பெயர்ந்து கிடந்த ஜல்லியோடும் வந்தன. அந்த ஆண்டு மழை சுமார்தான். வெங்காய விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பள்ளங்கள் வந்ததற்குக் காரணம், அந்த வீட்டுக்காரன் தன் காருக்குச் சக்கரம் மாற்றியது. அதற்கு முன்பு அவனுக்கு என்று ஒரு பெயர் இருந்தது. மாற்றிய பிறகு ஊரே அவனைப் பதினெட்டு என்று கூப்பிட ஆரம்பித்தது. கேலிக்கு வைத்த பெயரை அவன் பட்டமாக எடுத்துக்கொண்டான். யாராவது தன்னைப் பதினெட்டு வீட்டம்மா என்று அழைத்தால் அவன் மனைவிக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனியிலிருந்து வரும்போது அந்தக் காருக்குப் பதினாலு இன்ச் சக்கரம். காலையில் மனைவியை அவள் வேலை பார்க்கும் எக்ஸ்ரே நிலையத்தில் இறக்கிவிட்டு, தன் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய், சாயங்காலம் காய்கறிப் பையோடு திரும்புகிற கார். அதற்குப் பதினாலு தாராளம். ஆனால் பதினெட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மாடியில் ஏறி நின்று, கீழே நிற்கும் தன் காரையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கிருந்து பார்க்கையில் சக்கரம் சோனியாகத் தெரிந்ததாம். ஓடுவதற்கென்று வாங்கிய வண்டிக்கு, அது நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சக்கரம் தேர்ந்தெடுத்தவனை என்னவென்று சொல்வது! டயர் கடைக்காரன் ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிட்டான். "சார், உங்க பர்சனாலிட்டிக்குப் பதினாலு இன்ச்செல்லாம் தள்ளுவண்டி சார்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்கே பதினெட்டு கவிழ்ந்து, பதினெட்டு இன்ச் சக்கரம் மாட்டிக்கொண்டான். சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் மட்கார்டு யாருக்காகவும் பெரிதாகாது. உள்ளே இருக்கும் உலோகம் நாலு இன்ச் வளர்ந்தால், சுற்றியிருக்கும் ரப்பர் அந்த அளவுக்கு இளைத்தாக வேண்டும். அரைச் சாண் உயரம் இருந்த டயர் மூன்று விரல் உயரமாயிற்று. கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடிய கணக்கு இது. பதினெட்டுக்கு விளங்கியது பளபளப்பு மட்டுமே.

ரப்பர் தடிமனாக இருந்த காலத்தில், பள்ளத்தில் விழுகிற அடியை அது தானே வாங்கிச் செரித்துக்கொண்டிருந்தது. மூன்று விரல் ரப்பரில் செரிக்க இடம் ஏது? அதனால் பள்ளங்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியோடேயே வந்து, வண்டி நிற்கிற வீட்டில் இறங்கின. முதலில் வந்தது தபால் ஆபீஸ் முக்கில் இருந்த பள்ளம். கூடத்தில், சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவில், தளத்தைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தது. அதில் முதலில் காலை வைத்தவர் பதினெட்டின் அப்பா. முப்பது வருடத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, இரண்டு கண்ணிலும் பார்வை போய் வீட்டோடு இருக்கிறவர். காலை எடுக்காமல் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தபால் ஆபீஸ் முக்குல கெடந்ததுல்ல? இதை யாரும்மா இங்க கொண்டுவந்தது?" என்று மருமகளைக் கேட்டார். அவள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். தபால் ஆபீஸ் முக்கில் சாலை வழவழவென்று இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர், இருந்த பள்ளத்தைக் காணவில்லையே என்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு தினம் ஒன்றாவது வந்தது. கோர்ட்டு வாசல் பள்ளம் சமையலறையில் கேஸ் அடுப்புக்கு நேர் கீழே இறங்கியது. பள்ளிக்கூடத்து வளைவில் வரிசையாக இருந்த குழிகள் படுக்கையறை நடையில் வரிசை மாறாமல் வந்து படுத்தன. ஊர்ச் சாலை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டதுபோல் ஆனது. நகராட்சித் தலைவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. சாலைகளைச் சீரமைத்தது தான்தான் என்று தன் படத்தோடு பெரிய போர்டு வைத்துவிட்டார். உண்மை வெளியே தெரிந்ததும், அதே போர்டில் ஓரமாகப் பதினெட்டின் படத்தையும் ஒட்டி, ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொண்டு தன் ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். உள்ளே வந்தால் கால் இடறும் என்று அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தெந்தத் தெருவில் வண்டியை விட வேண்டும் என்று அவர்களே சொல்லியும் அனுப்பினார்கள். பதினெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பள்ளத்தைக்கூட ஒதுக்காமல், தேடித் தேடி ஏற்றிக்கொண்டு வந்தான். நடுத்தெருவில் இடுப்பு நொந்து வளர்ந்த ஊர், நோவு இன்னொருவன் வீட்டுக்குப் போய்விட்டது என்றதும் கைதட்டியது.

அந்த வீட்டில் பெரியவருக்கு ஒரு ரூட் இருந்தது. கட்டிலிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து வாசல் நாற்காலி, மறுபடி கட்டில். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், வளைவு வருகிற இடத்தில் தோளை லேசாகச் சாய்த்துப் போய்வருவார். கண்ணும் போய், பஸ்ஸும் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது அந்த நடை ஒன்றுதான். மருமகளுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களைப் படம் எடுப்பதே அவள் பிழைப்பு; அவர்களில் எத்தனை பேர் பிறகு எழுந்து நடந்தார்கள் என்பதையும் அவள் பார்த்திருக்கிறாள். பள்ளங்களின் மேல் பலகை போட்டாள். போட்ட பலகையை அடுத்து வந்த பள்ளம் விழுங்கியது. பழைய கோணிகளைப் போட்டு அடைத்தாள். அவை மழைநீரில் ஊறி நாறின. கடைசியில் புருஷனிடம் நேராகவே கேட்டாள்.

"ஏங்க, அந்தச் சக்கரத்தைக் கழட்டிடுங்க. மாமா விழுந்துடுவாரு."

"இப்போ போய்க் கழட்டச் சொல்றியே, ஊரே என்னை நம்பி இருக்கு."

"உங்க அப்பா இந்தத் தரையை நம்பி இருக்காரு."

"பதினாலு இன்ச்சைப் போட்டுக்கிட்டு நான் எப்படி வெளிய தலை காட்டுறது?" என்றான். ஊர், சேவை என்று சுற்றி வளைத்தவன், கடைசியில் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டான். அதற்குமேல் அவனிடம் பேசுவது வீண் என்று அவளுக்குப் புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனை முழுதாகப் பார்த்தது அப்போதுதான் என்றும் தோன்றியது.

அடுத்த வாரம் பெரியவர் விழுந்தார். ஆஸ்பத்திரி வாசல் பள்ளம் குளியலறைக் கதவருகே வந்து இறங்கியது அவருக்குத் தெரியாது. இடுப்பு தப்பியது, மணிக்கட்டு போயிற்று. படத்தை அவளே எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் அழுதாள். வீட்டுக்கு வந்த பெரியவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீருக்கும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. கழிப்பறைக்கும் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். மகனிடம் ஒரே ஒரு தரம், "டேய், என்னை ஷெட்டுல போட்டுட்டியேடா" என்றார். பதினெட்டு அப்போது கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் சாவியை எடுத்தாள். கார் அவள் பெயரில்தான் இருந்தது, ஓட்டவும் தெரியும். நேராக டயர் கடைக்குப் போய், பதினாலு இன்ச் சக்கரம் நாலு போடச் சொன்னாள். "கரெக்ட்டுக்கா! தினமும் ஓட்டுற வண்டிக்குப் பதினாலுதான் ராஜா. நான் அன்னைக்கே சார்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன், அவருதான் கேக்கல" என்றான் கடைக்காரன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அவனைப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. கழற்றிய பதினெட்டு இன்ச் சக்கரங்களைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அரைச் சாண் ரப்பருக்குப் பசி அதிகம் போலும். அவள் வண்டியை எடுக்கிற ஒவ்வொரு காலையும், வீட்டுப் பள்ளங்களில் ஒன்று நகர்ந்து வாசலுக்கு வந்து டயரில் ஏறிக்கொள்ளும். தன்னுடைய இடம் வந்ததும் இறங்கிக்கொள்ளும். தபால் ஆபீஸ் பள்ளம் தபால் ஆபீஸ் முக்கிலும், கோர்ட்டுப் பள்ளம் கோர்ட்டு வாசலிலும், சாணளவு பிசகாமல் போய் உட்கார்ந்தன. போன பள்ளத்தின் இடத்தில் தளம் விரிசல்கூட இல்லாமல் கூடிக்கொண்டது. ஊர் பொங்கி எழுந்தது. கைதட்டியவர்கள் அவளைச் சுயநலக்காரி என்றார்கள். நகராட்சித் தலைவர், போர்டில் ஏறியிருந்த பதினெட்டின் படத்தைக் கிழித்துவிட்டு, ஆள் பட்டாளத்தோடு வந்து வழக்கம்போல வாசலோடு நின்றார். ஊர் நலனை நினைத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். அவள் பதறவில்லை.

"தாராளமா பார்ப்போம் சார். மறுபடி பதினெட்டே போட்டுடறேன். ஆனா ராத்திரி வண்டி இங்க நிக்காது. யார் வீட்டு வாசல்ல நிறுத்தட்டும்? நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்க" என்றாள்.

ஒருவர் செருப்பைப் பார்த்தார். இன்னொருவருக்குப் போன் வந்துவிட்டது. நகராட்சித் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்றார். கமிட்டி இன்றுவரை கூடவில்லை.

எல்லாப் பள்ளமும் போன பிறகும் ஒன்று மட்டும் போகவில்லை. கூடத்தில் பாதியை அடைத்திருந்த ரயில்வே கேட் பள்ளம் அது. ஆளை முழுசாக முழுங்கக்கூடியது. பதினெட்டு தன் நாலு சக்கரங்களையும் அதற்குள் இறக்கி, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஆள் இருக்கும்போது பள்ளம் எப்படி நகரும்? ஆபீசுக்கும் போவதில்லை. காலையில் ஒரு சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தால் நாலாவதை முடிக்கும்போது சாயங்காலமாகிவிடும். ஏறி வரச் சொல்லி அவள் மூன்று முறை கூப்பிட்டாள். பதினெட்டு இன்ச்சை வண்டியில் திரும்பப் போட்டால் வருகிறேன் என்று கீழேயிருந்து பதில் வந்தது. அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீரையும் இறக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

கட்டுப் பிரித்த அன்று பெரியவர் கட்டிலை விட்டு இறங்கினார். மருமகள் கையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தார். சுவரில் விரல் பட, நடையைத் தாண்டி, குளியலறை வளைவில் தோளைச் சாய்த்து, கூடத்துக்கு வந்தார். கால் விரல் விளிம்பில் பட்டதும் நின்றார்.

"ரயில்வே கேட்டா?" என்றார்.

"ஆமா மாமா. அது மட்டும் போகல. உள்ள உங்க பையன் இருக்காரு."

பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கீழே துணி உலோகத்தில் உரசும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சரிம்மா. நான் இடப்பக்கமா ஒடிச்சுக்கறேன்" என்றார். மகனைச் சுற்றிக்கொண்டு வாசல் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போதும் தினம் அப்படித்தான் போய்வருகிறார்.